வெள்ளிக்கிழமைக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் போஸ்டரும் பேனரும் அடிக்கும் கடை வைத்திருக்கிற அலெக்ஸுக்கு ஒரு சாவு என்பது நான்கே நிமிட வேலை. கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள், எறும்புக்குக்கூட ஒதுங்கி நடக்கிறவன்தான். முன்பெல்லாம் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தயாராக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். துக்க வீட்டிலிருந்து வந்தவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அழுகைக்கு நடுவிலும், மருமகன் பேர் ஏன் கீழே போனது என்று வம்பு வளர்ப்பார். இப்போது அந்தத் தலைவலியே கிடையாது.

அவனுடைய கம்ப்யூட்டர் திரையின் உச்சியில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், மின்னல் மாதிரி ஒரு சின்னக் குறி இருக்கும். அதைத் தொட்டால் ஒரு பட்டியல் இறங்கும். காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு, புதுமனை, துக்கம். எது வேண்டுமோ அதை அமுக்கிவிட்டு அவன் காபி குடிக்கப் போகலாம். வாடிக்கையாளர் போனில் நிரப்பி அனுப்பிய படிவத்தை அதுவே திறக்கும், போட்டோவை வெட்டும், பேர்களை அடுக்கும், மாதிரியை அனுப்பி வைக்கும். அவர்கள் சரி என்றதும் 'அறிவிப்பு' என்று இன்னொன்றை அமுக்கினால், படிவத்தில் கொடுத்திருக்கும் சொந்தக்காரர் எண்கள் அத்தனைக்கும் வாட்ஸாப்பில் போஸ்டரோடு செய்தி பறந்துவிடும். மூன்று மாதம் கண் வலிக்க உட்கார்ந்து அவனே ஒவ்வொன்றாகக் கோத்தது. சொடக்குப் போடுகிற நேரத்தில் முடிகிறது என்பதால் அதற்குச் 'சொடக்கு' என்றே பேர் வைத்திருந்தான்.

அவன் மனைவி ஜெர்லினுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "ஒருத்தர் போய்ச் சேந்த சேதிய யாரும் படிச்சுக்கூடப் பாக்காம அனுப்புறது எனக்கென்னமோ நல்லாப் படல" என்றாள் ஒருநாள். "நான் படிச்சா மட்டும் எந்திரிச்சு வந்துருவாங்களா?" என்று சிரித்துவிட்டான் அவன். பெண்டாட்டி சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி வாக்கில் ஒரு துக்கப் படிவம் வந்தது. அலெக்ஸ் மின்னலைத் தொட்டு, துக்கத்தை அமுக்கினான். பாதி வழியில் சொடக்கு 'டொக்' என்று சத்தம் போட்டு நின்றது. மறைவுத் தேதி இன்னும் வரவில்லை என்று திரையில் சிவப்பாக எழுத்து வந்தது.

இது அவனுக்குப் பழகிய தொந்தரவுதான். அழுதுகொண்டே தட்டுகிறவர்களுக்குத் தேதி தவறுவது சகஜம். அதற்கென்றே பட்டியலில் 'தேதி திருத்து' என்று ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தான், அமுக்கினால் அன்றைய தேதி போட்டுக்கொள்ளும். அமுக்கினான். போட்டோவில்தான் வேலை மிச்சமிருந்தது. காற்றில் பறந்த முடியைச் சொடக்கால் சரியாக வெட்ட முடியவில்லை. அறுபது வயதை ஒட்டிய அம்மா, இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம், ஏழு கல் தோடு, ஏதோ நையாண்டி செய்துவிட்டுச் சிரிப்பை அடக்குகிற வாய். பேர் மயிலம்மாள், ஊர் நாமக்கல் பக்கம் புதுச்சத்திரம். அரை மணி நேரம் அந்த முகத்தோடு மல்லுக்கட்டிவிட்டு மாதிரியை அனுப்பினான்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

"தேதி வெள்ளிக்கிழமைங்க. மாத்தாதீங்க."

அலெக்ஸ் அதை மறுபடி படித்தான். நாமக்கல் பக்கத்து ஆட்கள் மரியாதையோடுதான் எழுதுவார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வர இன்னும் மூன்று நாள் இருந்தது. "இன்னிக்குச் செவ்வாய்தானுங்களே?" என்று எழுதினான்.

"அம்மாவ ஆஸ்பத்திரில மெஷின் வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கோம். டாக்டர் கைய விரிச்சுட்டாங்க. வெள்ளிக்கிழமை எடுக்கறோம். போஸ்டர் ரெடியா இருந்தா அலைச்சல் இல்ல பாருங்க."

அப்பாடா என்றிருந்தது. அப்படியும் நடப்பதுதானே. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேரட்டும் என்று நாள் குறித்துவிட்டு மெஷினை எடுக்கிறார்கள். பாவம் அந்தம்மா என்று சிலுவை போட்டுக்கொண்டு, தேதியைப் பழையபடி வெள்ளியாக்கி வைத்தான். அனுப்பியவர் பேர் தெரியவில்லை, எண் மட்டும்தான் இருந்தது. முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு வேல் படம்.

மறுநாள் புதன்கிழமை, கல்யாண மண்டபம் ஒன்றுக்குப் பேனர் கட்ட அவனே புதுச்சத்திரம் போக வேண்டியிருந்தது. வேலையை முடித்து, பால் சொசைட்டி எதிரே டீ வாங்கியபோது, உள்ளே ஒரு பொம்பளை குரல் கூரையைத் தூக்கியது.

"ஏனுங்க, நேத்து மாடு குடுத்த அதே பாலுதான இன்னைக்கும் குடுக்குது? நேத்து கெட்டியா இருந்தது இன்னைக்கு எப்புடித் தண்ணியாச்சு? உங்க மெஷினுக்குத்தான் தண்ணி காட்டோணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். காலி கேனைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மா வெளியே வந்தாள். இடது புருவத்துக்கு மேல் மச்சம். ஏழு கல் தோடு. அலெக்ஸின் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அந்த முகத்தை அவனுக்குத் தெரியாதா? ஒவ்வொரு முடியாக வெட்டியவன் அவன்.

"அவங்க யாருங்க?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டான்.

"மயிலம்மாளுங்க. கணக்கா பால் ஊத்தும், கணக்கா சண்டையும் போடும்" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரோட்டு மேல மூணு ஏக்கர் இருக்குதுங்க அந்தம்மா பேர்ல. அதான் இப்ப ஊட்டுக்குள்ள ரகளை. பையன் ஜீவா எழுதிக் குடுன்னு உசுர வாங்கி, வர்ற திங்கக்கெழம பதிவாம். பொண்ணு அனிதாவ வேலூருக்குக் கட்டிக் குடுத்தது. அது தங்கம், எனக்கு எதும் வேண்டாம்னு ஒதுங்கிக்கிச்சு."

வேலூர் என்றால் அந்தப் பக்கத்தில் பரமத்தி வேலூர்தான். அலெக்ஸ் அதைப் பற்றி நினைக்கவில்லை. ரோட்டு மேல் மூன்று ஏக்கர், உசுரை வாங்குகிற மகன், இது இரண்டும் போதுமாக இருந்தது. ஓடிப் போய் அந்த அம்மாவை மறித்தான்.

"அம்மா, உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"எனக்கென்ன கேடு? நீ யாரு சாமி? டாக்டரா?"

"இல்லீங்க. சேலத்துல போஸ்டர் கடை. உங்க போட்டோ ஒண்ணு எங்க கடைக்கு வந்திருக்குது..."

"ஓ, அதுங்களா!" அவள் முகம் மலர்ந்தது. "பேரனுக்குக் காதுகுத்து வருதல்ல, என்ற பையன் பேனர் அடிக்கோணும்னு சொல்லிக்கிட்டு இருந்தான். நல்லாப் போடு சாமி. போனவாட்டி ஒருத்தன் என்னையக் கருவண்டாட்டம் போட்டுட்டான்."

உங்கள் மகன் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி சொல்லி வைத்திருக்கிறான் என்று, காலிப் பால் கேனும் சிரிப்புமாக நிற்கும் ஒரு தாயிடம் எந்த வாயால் சொல்வது? சரிங்கம்மா என்று தலையாட்டிவிட்டு அலெக்ஸ் வண்டியை எடுத்தான். கோழை என்று திட்ட வேண்டுமானால் திட்டிக்கொள்ளுங்கள், அவனே வழியெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டுதான் வந்தான்.

வீட்டில் ஜெர்லினிடம் எல்லாவற்றையும் கொட்டினான். "போலீசுக்குப் போங்க" என்றாள் அவள் உடனே.

"போய் என்னன்னு சொல்றது? தேதி தப்பா விழுந்துருச்சும்பான் அவன். அம்மாவே எனக்கென்ன கேடும்பாங்க. வெள்ளிக்கிழமை தாண்டி அவன் என்னைய உட்டுவெப்பானா?"

"அப்ப அந்தம்மாவ உட்டுருவீங்களா?"

மயிலம்மாளுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம்கூட மிச்சமில்லை என்பது ஊரில் அவனுக்கும், குறித்தவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

வியாழன் காலை கடையைத் திறந்தபோது ஒரு யோசனை வந்தது. அந்தப் பக்கத்தில் சாவு என்று சொல் விழுந்தால் போதும், ஏன் எப்படி என்று போன் போட்டுக் கேட்கிற வழக்கமே இல்லை. போட்டது போட்டபடி கிளம்பிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் அத்தனை உறவும் வாசலில் நிற்கும். நாளைய தேதி போட்ட போஸ்டரை ஊரே கையில் வைத்துக்கொண்டு நின்றால், அப்புறம் நாளைக்கு அவள்மேல் கை வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? நெஞ்சு வலி, பாம்புக் கடி என்று எதைச் சொன்னாலும் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க மாட்டார்களா?

திரையின் உச்சியில் மின்னலைத் தொட்டான். பட்டியல் இறங்கியது. 'அறிவிப்பு.' அவசரத்தில் அம்பு ஒருமுறை தவறிக் காதுகுத்தின் மேல் போய் நின்றது. ஏசுவே என்று சொல்லி, சரியான இடத்தில் அமுக்கினான். ஐம்பத்தெட்டு எண்களுக்குச் செய்தி போய்விட்டது என்று சொடக்கு சொன்னது. அந்த ஐம்பத்தெட்டும் யார் யார் என்று அவன் திறந்து பார்க்கவில்லை. அதைப் பார்க்கத் தேவையில்லாமல் போக வேண்டும் என்றுதானே அந்தச் சொடக்கையே செய்தான்.

அவன் புதுச்சத்திரம் போய்ச் சேர்வதற்குள் மயிலம்மாள் வீட்டு முன்னால் காரும் டெம்போவுமாக நின்றது. தெரு முனையிலேயே தலையில் அடித்துக்கொண்டு ஓடிய பொம்பளைகள், வாசலுக்கு வந்ததும் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்கள். தவிட்டுக் கையோடு மாட்டுத் தொட்டியண்டை நின்றிருந்தாள் மயிலம்மாள்.

"யாருக்குடி அழுவறீங்க? யாரு போயிட்டா?"

யாரோ ஒருத்தி போனை நீட்டினாள். மயிலம்மாள் கண்ணாடியைத் தேடிப் போட்டு, தன் பேரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மறைவு என்ற இடத்தில் இருந்த நாளைய தேதியில் விரலை வைத்து நிறுத்தினாள். அதுவரை எல்லோரையும் கிண்டல் செய்த அந்த முகத்தில் சட்டென்று பயம் ஏறியதைக் கூட்டத்தின் ஓரத்திலிருந்து அலெக்ஸ் பார்த்தான். இதைச் செய்தது நான்தானே என்று அவனுக்கே உறுத்தியது.

"எந்த நாய்டா இத அடிச்சது?" என்று கத்தினான் ஜீவா. முப்பத்தைந்து வயது, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்து உரமேறிய உடம்பு. போஸ்டரின் அடியிலிருந்த கடை எண்ணுக்குப் போன் போட்டான். அலெக்ஸின் சட்டைப் பையிலேயே மணி அடித்தது.

ஓடலாமா என்று யோசிப்பதற்குள் ஜீவாவின் கை அவன் சட்டையைப் பிடித்துவிட்டது. ஊரே சுற்றி நின்றது. இப்போது சொல்லியிருக்க வேண்டும். உங்கள் ஆர்டர்தானே, வெள்ளிக்கிழமை என்று நீங்கள்தானே எழுதினீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் மயிலம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாமி, நீ நேத்து வந்த பையனல்ல?" என்றாள் பரிதாபமாக. பெற்றவள் முகத்துக்கு நேரே பிள்ளையைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு வாய் வரவில்லை. ஜீவாவின் முஷ்டியைப் பார்த்த பயமும் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

"கம்ப்யூட்டர் தப்புங்க" என்றான். "காதுகுத்து பேனருக்கு வந்த போட்டோங்க. பட்டியல்ல பக்கத்து பக்கத்துல இருக்கும். கை மாறி துக்கத்துல அமுக்கிட்டேன். தேதியும் அதுவே போட்டுக்கிச்சு. மன்னிச்சுருங்க."

"காதுகுத்துக்கு நான் இன்னும் போட்டோவே குடுக்கலையேடா!" என்று ஜீவா ஓங்கி ஒரு அறை விட்டான். நல்லா நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அலெக்ஸ் கன்னத்தைப் பிடித்தான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஜீவாவை இழுத்துவிட்டார்கள்.

மயிலம்மாளின் தம்பி சந்திரசேகர், பஸ் கம்பெனியில் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு. "ஆனது ஆச்சு. உசுரோட இருக்கறவளுக்குச் சாவுச் சொல் உழுந்துருச்சு. இந்த ஊட்ல அக்கா தங்கக் கூடாது. மூணு நாள் வேற ஊட்ல இருந்துட்டு, கோயிலுக்குப் போயிட்டு வரட்டும்" என்றார்.

"எங்கூட்டுக்கு வரட்டும் மாமா" என்றாள் ஒருத்தி. அவள்தான் அனிதா. வந்ததிலிருந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு கையை விடவே இல்லை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "நாளைக்கு எப்படியும் அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போலாம்னுதான் இருந்தேன். இன்னைக்கே வந்தா என்ன?"

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. மகள் வீட்டைவிடப் பத்திரமான இடம் எது? அலெக்ஸுக்கு அப்படியே உடம்பு லேசானது. அறை வாங்கினாலும் காரியம் முடிந்தது. இந்த வீட்டை விட்டு, இந்த மகன் கையை விட்டு அவள் போகிறாள். நாளை வெள்ளிக்கிழமை அவள் எழுபது எண்பது மைல் தள்ளி இருந்தால்கூட நல்லதுதான் என்றிருந்தது அவனுக்கு. மயிலம்மாளின் துணிப்பையை அவனே வாங்கிக்கொண்டு போய் அனிதாவின் காரில் வைத்தான். அவள் ஏறி உட்கார்ந்ததும் கதவையும் சாத்தினான்.

"ரொம்ப நன்றிங்கண்ணா" என்றாள் அனிதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையில் உட்கார்ந்து, ஜெர்லின் கொண்டுவந்த ஐஸ் கட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. அதே எண். வேல் படம்.

"இன்னைக்குச் செஞ்ச உதவிக்கு ரொம்ப நன்றிங்கண்ணா. தேதி அதேதாங்க. ஊர் மட்டும் பரமத்தி வேலூர்னு மாத்திக்குங்க."

அதன் கீழேயே இன்னொன்று வந்தது.

"கம்ப்யூட்டர் தப்புன்னு நீங்களே ஊர் முன்னால சொல்லீட்டீங்க. இனி வேற சொன்னா யாருங்க நம்புவாங்க?"

அவன் படித்து முடிப்பதற்குள் இரண்டும் அழிந்தன. பிறகு செவ்வாய்க்கிழமை வந்த செய்திகள் ஒவ்வொன்றாக அழிந்தன. அந்தச் செய்திப் பக்கத்தில் இப்போது அவன் எழுதியது மட்டும்தான் இருந்தது, அவன் செய்த போஸ்டரும்.

ஐஸ் கட்டி கீழே விழுந்தது. ஜெர்லின் என்ன என்ன என்று கேட்டது அவன் காதில் ஏறவில்லை. படிவத்தைத் திறந்து, சொந்தக்காரர் எண்களை முதல்முறையாகப் படித்தான். மூன்றாவது வரியில் ஜீவா இருந்தான். ஐந்தாவதில் சந்திரசேகர். ஐம்பத்தெட்டையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டான், அனிதா இல்லை. தனக்குத் தானே சாவுச் செய்தி அனுப்பிக்கொள்ள யாருக்கும் தோன்றாது அல்லவா.

திங்கட்கிழமை பதிவு. அதுவரை அம்மா உயிரோடு இருந்தால்தான் ஜீவாவுக்கு அந்த மூன்று ஏக்கர் காடு. அதற்குள் போய்விட்டால் பாதி மகளுக்கு. டீக்கடையிலேயே இது தெரிந்திருக்க வேண்டும். மகன் என்றதும் மேலே யோசிக்காமல் விட்டுவிட்டான், பாவி.

மூன்றாவது வரியிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டான். நான்கு முறை அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது முறை எடுத்தான் ஜீவா.

"நாந்தாங்க, அலெக்ஸ். தப்பா நெனைக்காதீங்க, அம்மாவ உடனே..."

"டேய், உனக்கு இன்னும் அடங்கலையா?" ஜீவாவின் குரலில் காலையிலிருந்த கோபம் இல்லை. அலுத்துப்போன, கொஞ்சம் நிம்மதியான குரல். "எங்கம்மாவ இனி நீ ஒண்ணும் பண்ண முடியாது. எங்கக்காகிட்ட உட்டிருக்கறேன். போன வைய்யி."

வைத்துவிட்டான். அலெக்ஸ் மறுபடி போட்டான், போகவில்லை. அவன் எண்ணையே அடைத்துவிட்டிருந்தான் ஜீவா.